அம்மாவின் சடையில் இருந்த ஆணி

பியூலா, சாம், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஹன்னா, உங்கள் மூன்று பேருக்கும் அப்பா எழுதுகிறேன்.

நான் பத்தாவதும், அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பும் முடித்தவன். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது வேலை. சர்வீஸ் புத்தகத்தில் ‘கதவு சென்சார் மாற்றப்பட்டது, ஓட்டிப் பார்க்கப்பட்டது’ என்று எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பியூலா திருத்திக்கொள்.

போன வாரம் சாம் கேட்டான்: “அம்மா ஏம்ப்பா என்னப் பாத்தும் பாக்காத மாதிரியே இருக்காங்க?” நான் “அசதிடா” என்றேன். அது பொய். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன ஒரு பொய்யே ஆயுசுக்கும் போதும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். இப்போது புரியாவிட்டாலும், புரிகிற வயது வரும்போது எடுத்துப் படியுங்கள்.

ஹன்னா பிறந்தது சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன நர்சிங் ஹோமில். சுகப் பிரசவம். நாலாம் நாள் மாடம்பாக்கத்துக்கு, நம் வீட்டுக்கு வந்துவிட்டோம். ரூபி அத்தை தையல் டீச்சர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். உங்கள் மூன்று பேரையும் குளிப்பாட்டி, சோறு வடித்து, துணி துவைத்து, ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு அத்தையை நீங்கள் ஒரு மாதிரி பார்க்கக்கூடாது.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு தள்ளிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. நாள் முழுக்க நாலு டம்ளர் வெந்நீர்தான். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தாள்.

“உங்க அக்கா என்னை வத்தல் போடுறாங்க. இன்னும் ரெண்டு நாள் மொட்டை மாடியில காய வெச்சா டப்பாவுல போட்டு மூடிடலாம்.”

“மூணு பெத்தும் இந்த வாய் மட்டும் வத்தலையேடி!” என்றாள் அத்தை அடுப்படியிலிருந்து. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள் தலைக்கு ஊற்றினார்கள். அன்று சாயங்காலமே தலைவலி. ‘நீர் கோத்திருக்கும்’ என்று சுக்கை உரைத்து நெற்றியில் பத்துப் போட்டாள் அத்தை. சாம்பிராணி காட்டினாள். அடுத்த நாளும் வலி. அதற்கடுத்த நாள் வாந்தி. “வெளிச்சமே ஆகலைங்க, அந்த ஜன்னலைச் சாத்துங்க” என்றாள் அம்மா. நானும் சாத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, “கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு அங்க போய் உக்கார முடியாது, நாளைக்குப் பாக்கலாம்” என்றாள். நானும் நாளைக்கு என்று விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஹன்னாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது வலது கை தொய்ந்தது. குழந்தை மடியில் சரிந்தது. “கை… கை…” என்று இரண்டு முறை சொன்னாள். அதுதான் அம்மா பேசிய கடைசி வார்த்தை. பிறகு வலிப்பு. பியூலா, நீதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும்.

தாம்பரம் தாண்டி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளை டாக்டர் மீனா, வயதில் என்னைவிடச் சின்னவர், என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

“சார், மூளைக்கு ரத்தம் போற குழாய் வேற, அங்கேருந்து இறங்கி வர்ற குழாய் வேற. இவங்களுக்கு இறங்குற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. உள்ள போனது வெளிய வர வழியில்ல. அதனால மூளை வீங்குது.”

பீர்க்கன்கரணைப் பக்கம் ஏரிக் கால்வாய் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் தெருவுக்குள் ஏறுமே, அது போல என்று நான் புரிந்துகொண்டேன்.

“பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் கொஞ்சம் கெட்டியா இருக்கும். தண்ணி நல்லா குடிச்சாங்களா?” என்று கேட்டார்.

பக்கத்தில் அத்தை நின்றாள். புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது” என்று முடித்துக்கொண்டார். நல்ல மனசு.

அன்று மத்தியானமே மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். வாய் வழியாகக் குழாய், கழுத்தில் ஊசிக் குழாய், கை விரலில் கிளிப். உறைவைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். ஐ.சி.யூ.வுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். சிஸ்டர் விமலா என்று ஒரு நர்ஸ், கறாரான ஆள். தாலிச் செயின், கம்மல், மெட்டி எல்லாம் கழற்றி ஒரு கவரில் போட்டு என் கையெழுத்து வாங்கினார். நீளமான முடி சிக்காமல் இருக்க இரண்டு சடையாகப் பின்னிவிட்டார். அம்மா பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள்.

பால் மட்டும் நிற்கவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. சிஸ்டர் இரண்டு வேளையும் பீய்ச்சி எடுத்தார். மருந்து கலந்திருக்கும் என்று அதைக் கொட்டிவிட்டார்கள். வெளியே நாற்காலியில் அத்தை மடியில் ஹன்னா பவுடர் பாலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நடுவில் ஒரு கதவுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அத்தை உள்ளே போய்விட்டு வந்து என்னை மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டாள்.

“எட்வின், ஒண்ணு பண்ணியிருக்கேன். கத்தாத.”

“என்னக்கா?”

“சடைக்குள்ள ஒரு ஆணி வெச்சுக் கட்டியிருக்கேன். சின்னதுதான். பச்சை உடம்புக்காரி பக்கத்துல இரும்பு இல்லாம விடக்கூடாது. வீட்டுல தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேன். இவங்க எல்லாத்தையும் உருவிட்டாங்க.”

“அக்கா, நாம ஜெபம் பண்றவங்க.”

“ஜெபம் மேல இருந்து பாத்துக்கும். இது கிட்ட இருந்து பாத்துக்கட்டும்.”

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எடுக்கச் சொல்லவில்லை. காத்து கருப்பு அண்டாமல் இருக்கப் பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்பு வைப்பது நம் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. நீ பிறந்தபோதும் வைத்தார்கள், பியூலா. சர்ச்சுக்குப் போகிறவர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. அந்த உடம்பில் நம் வீட்டுக்காரர்கள் வைத்தது என்று அது ஒன்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை டாக்டர் மீனா சொன்னார்: “வீக்கம் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கணும். ஆனா இவங்களை வென்டிலேட்டரோட கீழ் மாடிக்கு ஸ்கேனுக்குக் கொண்டுபோறது ரிஸ்க். திருப்பிப் படுக்கவெச்சாலே பி.பி. இறங்குது. அதனால ஸ்கேன் மிஷினையே இங்க வரவெக்கறோம். நீங்க பக்கத்துலயே உக்காரலாம்.”

பத்தரை மணிக்கு ஐ.சி.யூ. கதவு இரண்டு பக்கமும் திறந்தது. என் தோள் உயரத்துக்கு ஒரு வெள்ளை மிஷின் மெதுவாக உருண்டு வந்தது. அதில் மோட்டார் இருக்கிறது. அதை ஓட்டி வந்தவர் பெயர் ரியாஸ். ஒல்லியான ஆள், எப்போதும் பேச்சு.

“சார், ஓரமா நில்லுங்க. இது கால் மேல ஏறிச்சுன்னா உங்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியதாப் பூடும்.”

எம்.ஆர்.ஐ. என்றால் குகை மாதிரி ஒன்றுக்குள் ஆளைத் தள்ளுவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். கேட்டேன்.

“அது பெரியண்ணன். கீழ கீது. தனி ரூம், சுவத்துக்குள்ள செம்புத் தகடு, ஏகப்பட்ட பந்தா. அவன்கிட்ட பேஷண்டு போவணும். இது சின்னத் தம்பி. இவன் பேஷண்டுகிட்ட வருவான். காந்தம் அவன்ல இருபதுல ஒரு பங்குகூட வராது. சாதா பிளக்குல சொருகினா ஓடும்.”

சொன்னபடியே கட்டில் தலைமாட்டில் இருந்த சாதாரணப் பிளக்கில் சொருகினார். லிஃப்ட் மெக்கானிக் என்று நான் சொன்னதும் சிரித்தார். “அடடே, முன்னாடியே தெரிஞ்சா கூப்பிட்டிருப்பேனே! இதோட வெயிட்டுக்கு உங்க லிஃப்ட் ரெண்டு தபா நடுவுல நின்னு பேஜார் பண்ணிச்சு.”

பேசிக்கொண்டே வேலை செய்தார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குட்டித் திசைகாட்டி ஊசிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்துக்கு நடுவில் தலையை வைத்தால் அவற்றில் கொஞ்சம் ஒரே பக்கமாக நிற்கும். ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் சாய்ந்து, திரும்ப நிமிரும். நிமிரும்போது சன்னமாக ஒரு சிக்னல் வரும். வீங்கின இடத்தில் ஒரு மாதிரி, நல்ல இடத்தில் ஒரு மாதிரி, ரத்தம் கசிந்த இடத்தில் வேறு மாதிரி. அதை வைத்துப் படம் போடுகிறார்கள். எக்ஸ்ரே கதிர் கிடையாது என்பதால் திரும்பத் திரும்ப எடுக்கலாம். காந்தம் சின்னது என்பதால் சிக்னலும் சின்னது. படம் மங்கலாகத்தான் வரும்.

“மங்கல்தான் சார். முகத்துல மச்சம் எத்தினின்னு கேட்டா இவனுக்குத் தெரியாது. வூட்டுல ஆள் கீறாரா இல்லியான்னு கேட்டா சொல்லிடுவான். டாக்டருக்கு அது போதும்.” காலையில்தான் பச்சைக் குழந்தைகள் வார்டுக்குப் போய்வந்தாராம். தலையில் நீர் தேங்கிய ஒரு குழந்தைக்கு, தாய் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே படம் எடுத்தாராம்.

பிறகு ஒரு அட்டையில் படிவத்தை நீட்டினார். குரல் மாறியது. “இத மட்டும் சரியா சொல்லுங்க சார். பெரிய மிஷின் ரூமுல கத்தரிக்கோல் பறந்து போய் ஒட்டும். இது அவ்வளவு இழுக்காது. ஆனா தலைக்கிட்ட இரும்பு இருந்தா படம் காலி. ஹேர்பின், ஊக்கு, தாயத்து, எதுனா கீதா?”

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பல முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். சின்ன ஆணி, சின்னக் காந்தம் என்று நினைத்தேன். அத்தை அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்குவாளே என்று நினைத்தேன். எடுத்துவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்றும் நினைத்தேன். ஜெபம் பண்ணுகிறவன்தான், ஆனாலும் நினைத்தேன். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

தலையணையை எடுத்துவிட்டு, அம்மாவின் தலையை ஒரு ஹெல்மெட் மாதிரிக் கூட்டுக்குள் வைத்து, மிஷினின் இரண்டு காந்தத் தட்டுகளுக்கும் நடுவில் மெதுவாக ஏற்றினார்கள். நான் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய சத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ மரக்கதவைத் தட்டுவது போல ஒரு டொக் டொக். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ரியாஸ் கையில் இருந்த சிலேட்டு மாதிரித் திரையில் படம் வந்தது. அவர் பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. பின்பக்கம், பாதிக்கு மேல், மை கொட்டின மாதிரி ஒரே கறுப்பு. அதைச் சுற்றி எல்லாம் இழுத்துக் கோணலாகியிருந்தது.

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. லிஃப்ட் ஓடும் கிணற்றில் மாடிக்கு ஒரு காந்தம் வைத்திருப்போம். அதைக் கடக்கும்போது ஸ்விட்ச் விழுந்து லிஃப்ட் நிற்கும். ஒரு முறை யாரோ விட்டுப்போன ஸ்பேனர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. கண்டுபிடித்து எடுத்தவன் நான். காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் ரியாஸுக்கு அடுத்தபடி தெரிந்தவன் நான்தான்.

சிஸ்டர் விமலா குனிந்து சடையைத் தடவினார். “இது என்ன முடிச்சு?”

“ரப்பர் பேண்டு” என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். சொந்தப் புருஷன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? “அப்ப கரண்டு தொந்தரவா இருக்கும்” என்றார் ரியாஸ். “சுத்தி இத்தினி மிஷின் ஓடுதே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேற பாயின்ட்டுல போட்டு இன்னொரு தபா எடுக்கறேன்.” டாக்டர் மீனா படத்தைப் பார்த்துவிட்டு, “முன்னாடி வீக்கம் இருக்கு. பின்னாடி ஒண்ணுமே சொல்ல முடியலை, நடுக்கோடும் கோணலா வந்திருக்கு, இதை நம்ப முடியாது. அஞ்சு மணிக்குப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்” என்றார். முடிவு என்றால் மண்டை ஓட்டில் ஒரு பக்கத்து எலும்பை எடுத்து, வீங்கின மூளைக்கு இடம் கொடுக்கும் ஆபரேஷன். வேண்டுமா, வேண்டாமா என்பது அந்தப் படத்தில் இருந்தது.

பிள்ளைகளே, இப்போது எழுதுவதுதான் கஷ்டம். படம் கெட்டுப்போனதில் எனக்குச் சந்தோஷம். டாக்டர் ‘நம்ப முடியாது’ என்றதை நான் ‘வீக்கம் இருப்பதையும் நம்ப வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டேன். தெரியாத வரைக்கும் எதுவும் நடக்கவில்லை என்பது போல இருந்தது. அந்தக் கறுப்புக்குள் உங்கள் அம்மா நன்றாக இருந்தாள்.

அந்த ஆறு மணி நேரமும் வெளியே நாற்காலியில் இருந்தேன். அத்தை லெமன் சாதம் கட்டிவந்தாள். சாப்பிட்டேன். “படம் என்னாச்சுடா?” என்றாள். “கரண்டு பிரச்சினையாம், மறுபடி எடுப்பாங்க” என்றேன். எதிர் நாற்காலியில் ஒரு பாய், தன் தம்பிக்குப் பக்கவாதம் என்று வந்தவர், ஹன்னாவைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, “இந்தப் புள்ளை குரலுக்கே அவங்கம்மா எழுந்திருச்சிடும், பாருங்க தம்பி” என்றார். நான் தலையாட்டினேன். மூன்று முறை எழுந்து கதவு வரைக்கும் போனேன், சொல்லிவிடலாம் என்று. மூன்று முறையும் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எப்படியும் ஐந்து மணிக்கு எடுப்பார்கள், அதற்குள் உள்ளே போய் யாருக்கும் தெரியாமல் ஆணியை உருவிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பார்வை நேரம் நாலரைக்குத்தான்.

நாலரைக்கு உள்ளே போனேன். சிஸ்டர் விமலா அம்மாவின் கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண்ணில் பாவை வெளிச்சத்துக்குச் சுருங்கியது. இடது பாவை பெரிதாக, அப்படியே நின்றது. மூளை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளும்போது அப்படி ஆகுமாம். சிஸ்டர் டாக்டருக்கு ஓடிப்போய்ப் போன் செய்தார். திரும்பி வந்தவரிடம் சொன்னேன்.

“சிஸ்டர், சடையில ஆணி இருக்கு.”

“என்ன இருக்கு?”

“ஆணி. இரும்பு ஆணி.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் அப்படியே இருக்கிறது. “காலைல தொட்டுக் கேட்டேனே சார். ரப்பர் பேண்டுன்னீங்களே.” பதிலுக்கு நிற்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துச் சடையைக் கழுத்தோடு வெட்டினார். கறுப்பு நூல் சுற்றி ஒரு அங்குல ஆணி. அதை ஒரு ஸ்டீல் தட்டில் போட்டபோது சத்தம் கேட்டது.

டாக்டர் மீனா வந்தார். திட்டவில்லை. “படம் கெட்டது இதாலதான்னு எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“காலைல படம் பாத்ததுலேருந்து.”

கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். ரியாஸ் மிஷினை ஓட்டிக்கொண்டு வேகமாக வந்தார். இந்த முறை பேசவில்லை.

படம் வந்தது. கறுப்பு இல்லை. டாக்டர் எனக்குக் காட்டினார். “மூளைக்கு நடுவுல நேரா ஒரு கோடு போகணும். பாருங்க.” மங்கலான படம்தான். ஆனால் லிஃப்ட் ஓடும் தண்டவாளம் நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். கொஞ்சம் வளைந்தாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கோடு வளைந்திருந்தது. இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக, நன்றாக வளைந்திருந்தது. அதற்கு யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உடனே ஆபரேஷன். எடுத்த எலும்புத் துண்டை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். கெடாமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம். வீக்கம் வடிந்தபின் திரும்ப எடுத்துத் தலையில் பொருத்தலாம். உயிர் பிழைத்தது. நாங்கள் வெளியே முழங்காலில் நின்றோம். அத்தை தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. ஆணியைப் பற்றி சிஸ்டர் அவளிடமும் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பிறகு அத்தை சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

மறுநாள் டாக்டர் மீனாவிடம் கேட்டேன்: “காலையிலேயே பாத்திருந்தா?”

“காலையில இந்த அளவுக்குத் தள்ளியிருந்துதோ இல்லையோ, தெரியாது சார். ஆறு மணி நேரம் முன்னாடி செஞ்சிருந்தா முழிச்சிருப்பாங்களான்னும் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்னை நானே திட்டிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் நிமிர்ந்திருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை. இன்னும் கிடைக்கவில்லை.

அதன்பின் அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு நாள் போலவே இன்னொரு நாள். தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைத்தார்கள். மூக்கு வழியாகக் கஞ்சி. அந்த மிஷின் இன்னும் மூன்று முறை கட்டிலுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் ரியாஸ் படிவத்தை நீட்டுவார். நான் அம்மாவின் தலை முழுக்க விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அவர் என்னை ஒருபோதும் குத்திக் காட்டவில்லை. ஒரு தடவை மட்டும், பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே, “எங்க வூட்லயும் தாயத்துக் கட்டுவாங்க சார்” என்றார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த இருபதாம் நாள் அம்மா கண்ணைத் திறந்தாள். சேதி கேட்டு நீங்கள் எல்லாரும் கத்தினீர்கள். நானும் கத்தினேன். கண் திறப்பதும் விழிப்பதும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. செலவைப் பற்றி இங்கே எழுதவில்லை, அது என் பாடு. பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பியூலா சளி உறிஞ்சும் மிஷினை என்னைவிடச் சுத்தமாகப் போடக் கற்றுக்கொண்டாள். சாம் தினமும் டைரியில் மிஸ் எழுதியதை அம்மா காதில் படித்தான். எதிர்வீட்டு டெய்சி ஆன்ட்டி கேட்காமலே காலையில் இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை.

நாலாம் மாதம் எலும்பைத் திரும்ப வைத்த பிறகு, போன திங்கட்கிழமை, மறுபடி படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். தொண்டைக் குழாயோடு அலைக்கழிக்க வேண்டாம் என்று அதே சின்ன மிஷின்தான். டாக்டர் மீனா படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். கோடு நேராகிவிட்டிருந்தது. ஒரு நொடி எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் இடது பக்கத்தைக் காட்டினார். பெரிய இடம் ஒன்று வெறும் தண்ணீராக இருந்தது. வலது பக்கத்திலும் உள்ளே ஆழத்தில் சின்னதாக ஒன்று.

“வீங்கின இடம் செத்துப்போய் நீரா மாறியிருக்கு. இது திரும்ப வளராது.”

“பேசுவாளா டாக்டர்?”

இல்லை என்று தலையை ஆட்டினார்.

“சரி. பேச வேணாம். பிள்ளைங்களை… யாருன்னு தெரிஞ்சுக்குவாளா?”

“கண்ணு திறந்திருக்கும். சத்தம் கேட்டா திரும்பலாம். அதை வெச்சு தெரியுதுன்னு நெனச்சுக்காதீங்க. அடுத்த ஸ்கேன் வேணும்னா ஆறு மாசம் கழிச்சு எடுக்கலாம். ஆனா புதுசா எதையும் காட்டும்னு நான் சொல்ல மாட்டேன்.”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாம், நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அம்மா உன்னைப் பார்க்கிறாள். நீ யார் என்பது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அது உன் மேல் கோபத்தால் இல்லை. நீ என்ன செய்தாலும், எவ்வளவு மார்க் வாங்கினாலும், அது மாறாது. அதனால் அம்மா பார்க்க வேண்டும் என்று எதையும் செய்யாதே. உனக்காகச் செய். ஆணியைக் கட்டியவள் அத்தை, அவளுக்குத் தெரிந்த அன்பு அது. மறைத்தவன் நான். யார் மேலாவது கோபம் வந்தால் என் மேல் வரட்டும். அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன், கேட்டுக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். அத்தை ஹன்னாவைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போயிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் அம்மாவின் கட்டிலை வாசல் கதவைப் பார்த்துப் போட்டிருந்தேன். நீங்கள் பையோடு உள்ளே வரும்போது முதலில் அவள் கண்ணில் பட வேண்டும் என்று. அதனால் ஃபேன் காற்று சரியாகப் படாமல், வந்த நாளிலிருந்தே அவள் முதுகு வேர்க்குருவாகக் கிடந்தது.

சக்கரமில்லாத கட்டில். ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் பழைய பாய்த்துண்டு வைத்து, அவள் அசையாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். சளி மிஷினின் ஒயரை அந்தப் பக்கத்துப் பிளக்குக்கு மாற்றினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கதவு அவள் தலைக்குப் பின்னால் போய்விட்டது. இப்போது அவளுக்கு எதிரே இருந்த ஜன்னலைத் திறந்துவிட்டேன். ஏரிப் பக்கத்துக் காற்று நேராக அவள் மேல் வந்தது. நெற்றி முடி அசைந்தது. துண்டை நனைத்து முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுத் திரும்பப் படுக்கவைத்தேன்.

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். கதவைப் பார்த்த மாதிரியேதான் ஜன்னலையும் பார்த்தாள்.